நாடி கெட்டி என்றார்கள்

மகளே,

உனக்கும் பத்தொன்பது வயதாகும் காலத்தில் இதைப் படிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். இப்போது நீ சேலைத் தொட்டிலில் தூங்குகிறாய். ஒரு கால் மட்டும் வெளியே தொங்குகிறது. உள்ளே எடுத்து விட்டால் மறுபடியும் நீட்டுகிறாய். பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுகிறவர்கள் தலை நரைத்த பிறகுதான் எழுதுவார்களாம். உன் அப்பா லீவு முடிந்து கொழும்புக் கடைக்குக் கிளம்பும்போது நான் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பல்லு மொளைக்காத புள்ளைக்கு லெட்டரா?" என்று சிரித்தார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. தலை நரைக்கும்வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் மலையில் வயது எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. அதை நான் யாரும் சொல்லிக் கேட்கவில்லை, படமாகவே பார்த்தேன். பார்த்ததை இப்போதே சொல்லிவிட வேண்டும். உன்னோடு சேர்ந்து வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாடி என்றால் முகவாய், உதட்டுக்குக் கீழே இருக்கிற எலும்பு. பிள்ளைகள் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் நாடியைப் பிடித்துக் கெஞ்சுவோம். யாராவது சாகக் கிடந்தால் மட்டும் அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். "நாடி விழுந்துருச்சு" என்பார்கள். அப்போது அது கைத் துடிப்பு. சிறு வயதில் என் நாடி எப்போதும் நெஞ்சோடு ஒட்டியே கிடக்கும். யாராவது பேர் கேட்டால் காலைப் பார்ப்பேன். கடைக்காரர் சீனி எவ்வளவு என்று கேட்டால் சுவரைப் பார்ப்பேன். அடுத்த காம்பராவில் இருக்கும் செல்லம்மா அக்கா என் அம்மாவிடம், "இந்தப் புள்ளைக்கு நாடி நெஞ்சுலதான் மொளச்சிருக்கு. பெத்தப்பவே ரெண்டையும் சேத்துத் தச்சுட்டியாடி?" என்று கேட்பார். லயமே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பார். நான் இன்னும் குனிந்துகொள்வேன்.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலையிலேயே கூடையோடு விழுந்த வருடம் அது. தூக்கி வந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, வலது கையும் காலும் விளங்காமல் கிடந்தார். பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் பெரியம்மாவுக்குக் கஞ்சி ஊட்டவும் துடைத்து விடவும் ஓர் ஆள் வேண்டும். நான்தான் பேசாத பிள்ளை, நான்தான் மறுத்துச் சொல்லாத பிள்ளை, அதனால் நான் நின்றேன். "தலையெழுத்து" என்றார்கள், பெரியம்மாவுக்கும் சேர்த்து, எனக்கும் சேர்த்து. நான் அப்போதே அதை நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொல்ல மட்டும் எனக்குத் தெரியவில்லை. பெரியம்மா அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு பயம். மலையில் தலை சுற்றினால் யாருக்கும் சொல்ல மாட்டார். கூடையை இறக்கி வைத்து, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். நான் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா போன பிறகு என்னை ஹட்டனில் ஒரு ரீச்சர் வீட்டில் வேலைக்கு விட்டார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். நல்லவர்கள், அடிக்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை சோதனைக்குப் படிக்கும்போது கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து சத்தமாகப் படிப்பாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பேன். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு போகும் குழாய் நாடி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டு வருவது நாளம். அவள் படித்ததில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். முகவாய்க்கும் கைத் துடிப்புக்கும் இருக்கிற பேரைப் புத்தகக்காரர்கள் இரத்தக் குழாய்க்கும் வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்ததால் அது மறக்கவில்லை. பதினாறு வயதில் திரும்பி வந்து நானும் கொழுந்துக் கூடை கட்டினேன்.

எனக்குப் பதினேழு நடக்கும்போது, கொழுந்து குறைந்த ஒரு தை மாதத்தில், கண்டிப் பக்கமிருந்து ஒரு வேன் எங்கள் தோட்டத்துக்கு ஏறி வந்தது. நோட்டன் பிரிட்ஜிலிருந்து மேலே வருகிற பாதையை உனக்குத் தெரியும். மழையில்லாத காலத்திலேயே அது வேன்களை அழவைக்கும். வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஒதுக்கிவிட்டு, ஒரு வாங்குப் பலகையில் மெத்தை விரித்து, பக்கத்தில் சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டியை வைத்தார்கள். பெட்டியை இயக்குகிறவர் ஒரு சிங்கள ஐயா, மாத்தயா என்போம். டொக்டர் ஓர் இளம் பெண், ரீச்சர் வீட்டுப் பேச்சு.

"ஒருத்தருக்கும் ஊசி இல்லை, பயப்பிடாதேங்கோ. கழுத்தில இருக்கிற நாடியைத்தான் படம் எடுத்துப் பாக்கப்போறம். வயசு போகப் போக அது எப்பிடி இறுகுது எண்டு அறிய வந்தனாங்கள். அதால வயசானவையும் வேணும், சின்னப் பிள்ளையளும் வேணும்."

செல்லம்மா அக்கா பின்னாலிருந்து, "நாடியப் படம் எடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? மூஞ்சிய முழுசா எடுங்க டொக்டரம்மா, எங்க ஊட்டு மனுசன் ஒருக்காவாச்சும் பாக்கட்டும்" என்றார்.

யாரும் முதலில் படுக்கவில்லை. செல்லம்மா அக்கா என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார். சின்ன வயசுக் கழுத்து என்று டொக்டருக்கும் சந்தோஷம். நான் வாங்கில் படுத்தேன், வழக்கம்போல முகவாய் நெஞ்சில். "பிள்ளை, உம்மட நாடியை ஒருக்காப் பாப்பமா?" என்று டொக்டர் கேட்டதும் பெண்கள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். "நாடியத் தூக்குடி! டொக்டரம்மா கேக்குறாங்கல்ல, தூக்கு!" நான் பயத்தில் முகவாயைத் தூக்கிவிட்டேன். மாத்தயா முகம் மலர்ந்து, "ஹரி, ஹரி, ஹொந்தய்" என்றார். சரி, நல்லது என்று அர்த்தம். கழுத்து நாடியைப் பார்க்க முகவாய்தான் மேலே போக வேண்டுமாம். யாரும் யாரையும் புரிந்துகொள்ளாமலே காரியம் சரியாக நடந்தது. அன்றைக்கு அப்படி நடந்தது அது ஒன்றுதான்.

குளிர்ந்த பசை மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு சின்னக் கட்டையைக் கழுத்தில் வைத்தார்கள். டொக்டர் பெட்டியை என் பக்கம் திருப்பினார். கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், அவற்றுக்கு நடுவே இருட்டு. கோடுகள் விலகின, சேர்ந்தன, மறுபடி விலகின. "பாரும், இதயம் ஒவ்வொருக்காலும் அடிக்கேக்க இது விரிஞ்சு குடுக்குது. இளம் நாடி இப்பிடித்தான் இருக்கோணும்" என்றார். நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இத்தனை பேர் நடுவில், வெளிச்சத்தில், கொஞ்சமும் கூச்சப்படாமல் எனக்குள் ஒன்று விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தது. அதுவும் நான்தான் என்று எனக்கு நம்ப முடியவில்லை.

பிறகு அம்மா படுத்தார். கழுத்தில் கிடந்த தாலிக்கயிறு கட்டைக்கு இடைஞ்சலாக இருந்தது. கழற்ற முடியுமா என்று டொக்டர் தயங்கிக் கேட்டார். "அவரு இப்பதான் கொஞ்சம் திருந்தியிருக்காரு, கழட்டி வச்சா மறுபடியும் பழசு தொடங்கிரும்" என்று செல்லம்மா அக்கா சொன்னதும் டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா கயிற்றைத் தோளுக்கு மேல் ஒதுக்கிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் கோடுகள் வந்தன. நான் காத்திருந்தேன். அவை விலகவே இல்லை. உற்றுப் பார்த்தால் ஒரு சின்ன நடுக்கம், அவ்வளவுதான். டொக்டர் அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றி பிரஷர் பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்தி மூணுங்க."

"நாடி இறுகிப்போச்சுது, அம்மா."

"என்னாங்க?"

டொக்டர் எங்களுக்குப் புரிகிற வார்த்தையைத் தேடினார். எங்கள் மேல் இருந்த அக்கறையில்தான் தேடினார். "கெட்டியாப் போச்சுது" என்றார்.

அம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் பேச்சில் நாடி கெட்டி என்றால் உயிர் உறுதியாக இருக்கிறது என்று அர்த்தம். அம்மா எழுந்து உட்கார்ந்தார். "கேட்டியா செல்லம்மா, எனக்கு நாடி கெட்டியாம்! எங்க அக்கா மாதிரி இல்ல நானு!" டொக்டருக்கு இது பயத்தை மறைக்கிற துணிச்சலாகத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு பொட்டலம் குளிசை கொடுத்து, "ஒரு நாளும் விடாமல் போடோணும். முடியிறதுக்குள்ள டவுன் கிளினிக்குக்குப் போகோணும்" என்றார். அம்மா அதைச் சத்து மாத்திரை என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்துப் படுத்த செல்லம்மா அக்காவுக்கு அம்மாவைவிட இரண்டு வயது கூட. அவருக்கு டொக்டர் மகிழ்ச்சியாக, "உங்கட நாடி இன்னும் மெத்தெண்டு இருக்குது" என்றார். எங்கள் பேச்சில் மெதுவான நாடி என்றால் அடங்கப்போகிற நாடி. செல்லம்மா அக்காவின் வாய் அன்றைக்கு முதல் தடவையாக மூடிக்கொண்டது.

பின்னேரம் லயம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கெட்டி என்று சொல்லப்பட்டவர்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு கல்யாண வீடு மாதிரி பேசினார்கள். செல்லம்மா அக்கா படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "எனக்கு நாடி மெதுவா இருக்காம். எத்தன நாளைக்கோ! கடைசிப் புள்ளைய யாரு பாப்பா?" அம்மா அவர் தோளில் கை போட்டார். "அழுவாதடி. எனக்குக் குடுத்த மாத்திரை இருக்கு. எனக்குத்தான் கெட்டியா இருக்கே, எனக்கு எதுக்கு? நீ போடு, உனக்கும் கெட்டியாவட்டும்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

நான் அடுப்பிலிருந்து தேத்தண்ணி கொண்டு வந்தவள், கதவிலேயே நின்றேன். மத்தியானத்திலிருந்தே எனக்குத் தெரியும். புத்தகத்து நாடியும் தெரியும், ரீச்சர் வீட்டு "இறுகிப்போச்சு" என்ன என்றும் தெரியும், அசையாத கோடுகளையும் பார்த்திருந்தேன். தெரிந்தும் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று மத்தியானம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தேன். இதை உனக்கு மறைக்கமாட்டேன். உயிர் தங்க வேண்டியவருடைய மருந்து, ஒரு குறையும் இல்லாதவருடைய உள்ளங்கைக்குப் போய்க்கொண்டிருந்தது. "போடாதீங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். செல்லம்மா அக்கா குளிசையை வாயருகே கொண்டு போய்விட்டார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். குளிசை வாசல் கானில், சாக்கடைத் தண்ணீரில் விழுந்தது. தேத்தண்ணி அம்மாவின் காலில் கொட்டியது.

"என்னாடி, பேயா புடிச்சிருக்கு?"

"நாடின்னா கழுத்துக்குள்ள இருக்கிற ரத்தக்குழாம்மா. கெட்டியாப் போச்சுன்னா நல்லது இல்ல. பெரியம்மாவுக்கு வெடிச்ச மாதிரி ஒனக்கும் வெடிச்சிரும்."

பெரியம்மா என்ற பேரைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா எழுந்து நின்றார். "டொக்டரே கெட்டின்னு சொல்லிட்டாங்க. நீ என்னைய உசுரோட பாடையில ஏத்துறியா?" செல்லம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரீச்சரு ஊட்ல சட்டி பானை கழுவுனவ டொக்டருக்குப் படிச்சுட்டு வந்துட்டாளாம்" என்றார். இஸ்தோப்பு முழுக்கச் சிரித்தது. நான் குனியவில்லை. ஏன் என்று தெரியாது. கழுத்தில் பசை காய்ந்து இழுத்துக்கொண்டிருந்ததால்கூட இருக்கலாம். அம்மாவின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், அரிசிப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அன்று அம்மா எனக்குச் சாப்பாடு போடவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் என் பேர் கூப்பிட்டபோது நான் அங்கே இல்லை. நேராகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். வேன் இன்னும் நின்றது, தோட்டத்தின் மற்றக் கணக்கு, அதாவது மற்றப் பிரிவு ஆட்கள் வாசலில் வரிசையில் இருந்தார்கள். அம்மா கூடையோடு என் பின்னாலேயே வந்தார், மானம் போகிறது என்று திட்டிக்கொண்டே. செல்லம்மா அக்காவும் வந்தார், வேடிக்கை பார்க்க. டொக்டர் முன்னால் நின்று நான் முகவாயைத் தூக்கினேன். முந்திய நாள் வாங்கில் தூக்கியதைப் போலவே தூக்கினேன். அப்போதுதான் குரல் வரும் என்று எனக்குப் பட்டது. "டொக்டர் அம்மா, கெட்டின்னா எங்க பேச்சுல நல்லதுன்னு அர்த்தம். எங்கம்மா குளிசையை அடுத்த ஊட்டுக்குக் குடுக்கப் போனாங்க. மெதுவான்னு நீங்க சொன்னவங்க அழுதுட்டு இருக்காங்க."

டொக்டர் தலையில் கை வைத்தார். "ஐயோ, என்ர கடவுளே! எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்?" என்றார். பிறகு என்னை ஏசாமல், சிரிக்காமல், "அப்ப நான் என்னண்டு சொல்லுறது? நீர் சொல்லும்" என்றார். எனக்கு யோசிக்க நேரமில்லை. நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாய்தான் வாயில் வந்தது. "புதுக்குழா தண்ணி வேகத்துக்கு விரிஞ்சு குடுக்கும். வெயில்ல கெடந்த பழங்குழா காஞ்சு வெறச்சுப்போயிரும், விரியாது. தண்ணி வேகமா வந்தா வெடிக்கும். எங்கம்மா கழுத்துல இருக்கிறது பழங்குழா." வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். பழங்குழாய் வெடித்துப் பீலிக்கரையில் எல்லாரும் ஒரு தடவையாவது நனைந்திருக்கிறார்கள்.

அங்கே தோட்டத்து மருந்துக்கார ஐயாவும் இருந்தார். வேனுக்கு வழி காட்ட வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், அலுத்துப்போன மனிதர். "எதுக்கு டொக்டர் இவங்களுக்கு இவ்வளவு விளக்கம்? தோட்டத்து ஆளுகளுக்கு நாப்பது தாண்டினாக் கெழடுதான். நரம்பும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா கூடையைக் கீழே வைத்தார். "ஐயாவுக்கு என்னாங்க வயசு?"

"ஏன்? நாப்பத்தாறு."

"என்னையவிட மூணு கூட. அப்ப ஐயாவும் படுங்க. ஐயாவோட குழாயையும் பாப்பம்."

வாசல் வெடித்துச் சிரித்தது. மாத்தயாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. வாங்கைத் தட்டிக் காட்டினார். மறுக்க வழியில்லாமல் ஐயா படுத்தார். செல்லம்மா அக்கா, "நாடியத் தூக்குங்க ஐயா, வெக்கப்படாதீங்க" என்றார். திரையில் கோடுகள் வந்தன. விலகின, சேர்ந்தன. என்னுடையதைப்போல இல்லை, ஆனால் விலகின. அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். "ஐயாவுக்கு நாப்பத்தாறு, எனக்கு நாப்பத்தி மூணு. இது எப்படிங்க டொக்டரம்மா வயசாகும்? வேற என்னமோல்ல?" என்றார்.

டொக்டர் உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். இரண்டு கழுத்துகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதனால்தான் இத்தனை பேரைப் பார்க்கிறோம் என்றார். வருடக்கணக்காக யாரும் பார்க்காமல் விட்ட பிரஷர் ஒரு காரணமாக இருக்கும் என்றார், உப்பும் சேர்ந்திருக்கும் என்றார். "கூடைக்கயித்தத் தலையில மாட்டி இழுத்து இழுத்துத்தான் கழுத்து வெறச்சுப்போச்சா?" என்று அம்மா கேட்டதற்கு, "அது எனக்குத் தெரியேல்லை, அம்மா" என்று நேராகச் சொன்னார். கடைசியில், "ஆனா வயசு மட்டும்தான் காரணம் எண்டு சொல்ல ஏலாது" என்றார். அந்த ஒரு வரியை நான் விடாமல் வைத்திருக்கிறேன். பெரியம்மா விழுந்தபோது எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்தது அதுதான். தலையெழுத்து என்று சொன்னவர்கள் யாரும் பெரியம்மாவின் கையில் ஒரு தடவைகூட அந்தப் பட்டியைச் சுற்றிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா பொட்டலத்தைக் கேட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "குடுடி என் பழங்குழா மாத்திரைய" என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பேர். செல்லம்மா அக்கா தன் மெதுவான நாடியைப் பற்றி இப்போதும் பெருமையடித்துக்கொண்டு திரிகிறார். கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் விழாது, கூலி இல்லை என்று மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா சொன்னபோது, "விழுந்து கெடந்தா எத்தன நாளு விழாதுன்னு எங்க அக்காகிட்டக் கேட்டிருக்கணும்" என்று அம்மா சொன்ன பதில் மேல்கணக்கு வரைக்கும் போய்விட்டது. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

உப்புதான் பெரிய சண்டை. மழைக்காலத்தில் காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டைக்கென்று அம்மா முந்தானையில் உப்பு முடிந்து போவார். அதில் பாதி அட்டைக்கு, பாதி அம்மாவின் நாக்குக்கு. ரொட்டியோடு தொட்டுக்கொள்ள, கொய்யாக்காயோடு தொட்டுக்கொள்ள, சும்மாவே தொட்டுக்கொள்ள. நான் உப்புக்குப் பதிலாகச் சவர்க்காரத் துண்டைக் கட்டிக் கொடுத்தேன். "அட்டையக் கொல்லச் சொன்னா என்னையக் கொல்றா" என்று மலையெல்லாம் சொன்னார். உப்பில்லாத சம்பலைத் தின்றுவிட்டு அப்பா இரண்டு நாள் பேசவில்லை. நான் விடவில்லை. பேசாத பிள்ளை என்று பெயரெடுத்தவள் வீட்டில் ஒரு சர்வாதிகாரி ஆகிவிட்டேன் என்று அப்பா சொல்லுவார்.

பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது, நீ பிறந்தாய். போன மாதம் அந்த வேன் மறுபடியும் வந்தது. அதே கழுத்துகளை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால்தான் வயது என்ன செய்கிறது, மற்றவை என்ன செய்கின்றன என்று பிரித்துப் பார்க்க முடியுமாம். டொக்டர் என்னைப் பார்த்ததும், "பீலிக் குழாய்ப் பிள்ளை!" என்று கூப்பிட்டார். போகிற தோட்டமெல்லாம் அப்படித்தான் சொல்லி விளக்குகிறாராம், கொத்மலைப் பக்கம்வரை. இந்தத் தடவை அம்மாதான் முதலில் படுத்தார், தாலிக்கயிற்றைத் தானே ஒதுக்கி, முகவாயைத் தானே தூக்கி. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தேன்.

கோடுகள் அப்படியேதான் இருந்தன. அதே சின்ன நடுக்கம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை சண்டை, இத்தனை உப்பில்லாத சம்பல்! டொக்டர் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இந்தத் தடவை அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. "இறுகினது லேசில திரும்ப இளகாது, அம்மா. ஆனா மேல மோசமாகேல்லை. பிரஷர் நல்லா இறங்கியிருக்கு" என்றார். எனக்காக இன்னும் மெதுவாகச் சொன்னார். குழாய் பழசுதான், ஆனால் தண்ணீரின் வேகம் குறைந்துவிட்டது.

அம்மா எழுந்து பசையைத் துடைத்துக்கொண்டார். "எளகாட்டிப் போவுது. வெடிக்காம இருந்தாச் சரி. எனக்கு இன்னும் வேலை கெடக்கு" என்றார். பிறகு உன்னை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "இப்ப நீ படு" என்றார்.

நான் அம்மாவின் மேல் வைத்த பிரியம் எவ்வளவு என்று உனக்குச் சொல்ல இதை எழுதவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். உன்னைப் பாராட்டுகிற மாதிரி யாராவது ஒரு வார்த்தை சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் அது யாருடைய பேச்சு, அந்தப் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேள். கெட்டி, உறுதி, எதையும் தாங்குகிறவர்கள் என்று எங்களைச் சொல்லுகிறவர்கள் நிறையப் பேர். அதைக் கேட்டுப் பெருமைப்பட்டே நாங்கள் எத்தனை பேரைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியிருக்கிறோம். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்குகிற குரலைக் கேட்கவும் காது இருக்கிறது. நீ கூச்சப்படுகிற பிள்ளையாக இருந்தால் அதை மாற்ற நான் உன்னை அடிக்கமாட்டேன். நானும் இன்னும் மாறவில்லை, கடைக்காரரிடம் இன்றைக்கும் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறேன். ஆனால் ஓர் உயிர் தங்க வேண்டிய இடத்தில் மட்டும் சுவரைப் பார்க்காதே.

உன் கழுத்துக்குள்ளும் அந்த இரண்டு கோடுகள் இருக்கின்றன. நாற்பது வயதிலும் அவை விலகி விலகிச் சேர வேண்டும். அதற்கு நான் செய்ய வேண்டியதை இங்கே செய்வேன். உப்பிலிருந்து பள்ளிக்கூடம்வரை எதிலும் விட்டுக்கொடுக்கமாட்டேன். யாராவது படுக்கையில் விழுந்தால் அதற்காக உன்னை வகுப்பிலிருந்து கூப்பிட மாட்டேன், விழுவது நானாக இருந்தாலும். நாளைக்கு உன் முன்னால் ஒருவர் நின்று, உங்க ஆளுகளுக்கு இது அப்படித்தான் என்று சொன்னால், அவர் யாராக இருந்தாலும், நாடியைத் தூக்கி ஏன் என்று கேள். எங்கள் லயத்து அர்த்தத்தில் தூக்கு. புத்தகத்து நாடி கூடவே மேலே வரும்.

நீ முழித்துவிட்டாய். இவ்வளவு எழுதியும் உனக்கு இப்போது பால் மட்டும்தான் வேண்டும். உன் முகவாய் இன்னும் முகவாயாகவில்லை. பால் ஒழுகி ஒழுகிச் சிவந்த ஒரு சின்ன மடிப்புதான் அது. அதை ஒரு விரலால் தூக்கிப் பார்க்கிறேன். அதற்குக் கீழே ஓர் இடம் துடிக்கிறது. பசி தாங்காமல் நீ என்னை முறைக்கிறாய்.

முறை. அப்படியே முறை.